உப்பிய டப்பாவா? தொடாதே! உணவு வங்கியில் மாணவர்களுக்குப் பாடம்

வங்கி என்றால் பணம்தானே? அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்து வங்கியில் போடுவது சாப்பாட்டுச் சாமான்!

1967-ல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய உலகின் முதல் உணவு வங்கி இது. யோசனை தந்தவர் 10 பிள்ளைகளின் தாய். கடைக் குப்பைத் தொட்டியில் நல்ல பண்டங்களைப் பொறுக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டவர். வீணாவதைப் போட்டு வைக்க, வேண்டியவர் எடுக்க ஒரு வங்கி இருந்தால் தேவலை என்றாராம்.

இன்று அந்த நாடு முழுக்க இப்படி வங்கிகள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் சமூகப் பணிக்கு வருகிறார்கள். பெட்டி தூக்கினால் மட்டும் போதாது. சாமானைத் தரம் பிரிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்!

தேதி தாண்டிவிட்டதா, தூக்கிப் போடு என்பது வீட்டுப் பழக்கம். இங்கே அது செல்லாது. டப்பாவில் உள்ள தேதி பெரும்பாலும் ருசிக்குத்தான். சாமான் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. கைக்குழந்தைப் பால் பவுடர் மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தேதி போனால் போனதுதான்.

நடுவில் லேசாக நசுங்கிய டப்பா? தாராளமாகக் கொடுக்கலாம். உப்பியதா, கசிகிறதா, மூடி ஒட்டும் ஓரத்தில் நசுங்கலா? குப்பைக்குத்தான். உள்ளே 'பொட்டுலிசம்' விஷம் இருக்கலாம். ஆளையே முடித்துவிடும்!

பயந்து வீசினால் யாரோ ஒரு வீட்டில் ராச்சாப்பாடு போச்சு. அசந்து விட்டால் ஆஸ்பத்திரி. சந்தேகம் வந்தால் மாணவர் தானாக முடிவு கட்டக் கூடாது. பொறுப்பாளரிடம் டப்பாவை நீட்ட வேண்டும்.