மறுபடியும் அதே ஜன்னல்!

கார்ட்டூன் பார்க்கும்போது உங்கள் கண் எங்கே இருக்கும்? ஓடுகிற நாய் மீதும், துரத்துகிற பேய் மீதும்தானே! இந்த வாரம் அவர்களை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள், குட்டீஸ்.

'ஸ்கூபி டூ' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிரெட், டாப்னி, வெல்மா, ஷேகி என்று நான்கு டீன்-ஏஜ் நண்பர்கள். கூடவே பயந்தாங்கொள்ளி நாய் ஸ்கூபி. அமெரிக்க டி.வி.யில் இது முதலில் வந்தது 1969 செப்டம்பர் 13 அன்று. அந்தப் பழைய தொடரில் பேய் துரத்தும் காட்சிகளைக் கவனியுங்கள். ஜன்னல், தூண், சுவரில் ஒரு படம்... மறுபடியும் அதே ஜன்னல், அதே தூண், அதே படம்! மாளிகை அவ்வளவு நீளமா? இல்லவே இல்லை. ஒரே ஓவியத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்.

ஏன் அப்படி? ஒரு கணக்குப் போடுவோம். திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு முறை காட்டினாலும் விநாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். அப்படியானால் 22 நிமிடக் கதைக்கு? 15,840! தொடரைத் தயாரித்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் முன்பு தியேட்டர்களுக்காக 'டாம் அண்ட் ஜெர்ரி' எடுத்தவர்கள். டி.வி.யில் கிடைத்த பணமோ அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் இந்தச் சிக்கனம். நம் ஊர் நாடகங்களில் ஒரே காட்டுப் படுதா அரிச்சந்திரனுக்கும் தொங்கும், வள்ளிக்கும் தொங்கும் அல்லவா? அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்வதில்லை. இதையும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. அலமாரியில் நிறையப் புத்தகங்கள். ஒன்று மட்டும் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறதா? அதைத்தான் இழுக்கப் போகிறார்கள். ரகசியக் கதவு திறக்கும்! அசையாத பொருள்களைப் பின்னணி ஓவியர் அட்டையில் நிழல், வெளிச்சத்தோடு தீட்டுவார். அசையும் பொருளைக் கண்ணாடி போன்ற தாளில் தனியாக வரைந்து, ஒரே சீரான வண்ணம் பூசி மேலே வைப்பார்கள். இரண்டும் ஒட்டாமல் நம்மிடம் மாட்டிக்கொள்ளும். கணினியில் வண்ணம் தீட்டும் காலம் வந்ததும் இந்தத் துப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. எனக்கு அதில் சிறு வருத்தம்தான்!

ஷேகிக்கு எப்போதும் பச்சைச் சட்டை, வெல்மாவுக்கு ஆரஞ்சு ஸ்வெட்டர். உடை மாறாவிட்டால் பழைய ஓவியத்தையே புதுக் கதையிலும் சேர்த்துவிடலாம். ஆனால் பல பேர் சேர்ந்து வரையும்போது ஒருவர் வெல்மாவின் கண்ணாடியை மறந்தால்? அதற்காகவே ஒவ்வொரு பாத்திரத்தையும் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என வரைந்த மாதிரித் தாள் எல்லோர் மேஜையிலும் இருக்கும். தமிழ் சினிமாவில் 'கன்டினியூட்டி' பார்ப்பது உதவி இயக்குநரின் வேலை. கடிகாரம் இடது கையில் இருந்ததா, வலது கையிலா என்றுகூடக் குறித்து வைப்பார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். நம் ரஞ்சன்குடிக் கோட்டையின் மதிலை ஒரு நீளத் தாளில் வரையுங்கள். வலது ஓரத்தில் கொத்தளத்தின் ஒரு பாதி, இடது ஓரத்தில் மறு பாதி வரட்டும். இரு ஓரங்களையும் வளையமாக ஒட்டினால் கொத்தளம் முழுதாகச் சேர வேண்டும். ஓடும் பையன் ஒருவனைத் தனியே வரைந்து வெட்டி, மதிலுக்கு முன்னால் பிடியுங்கள். வளையத்தைத் தம்பியோ தங்கையோ மெதுவாகச் சுற்றட்டும். ஒட்டிய இடம் எது என்று பார்ப்பவர் கண்டுபிடிக்கிறாரா, சொல்லுங்கள்!