சிகாகோ நகரில் வாக்கும் துப்பாக்கியும்

1893-ஆம் ஆண்டில் சர்வமத மகாசபை கூடிய நகரம் என்றே சிகாகோவை நம்மவரிற் பலர் அறிவர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே அந்நகர மேயராகிய கார்ட்டர் ஹாரிசன் தம் இல்லத்தில் சுடப்பட்டு இறந்தார். தனக்கு வரவேண்டிய உத்தியோகத்தை அவர் தரவில்லையென்று எண்ணினான் சுட்டவன். அவன் சித்தம் பேதலித்தவன். அவன் எதிர்பார்த்த உத்தியோகம் வெறுங்கனவு. ஆயினும் தேர்தலில் உழைத்தவனுக்கு உத்தியோகமே கூலி என்னும் வழக்கம் அங்கே கனவன்று.

அந்நாளில் நகரம் பல வார்டுகளாகப் பிரிக்கப்பட்டு, வார்டு ஒன்றுக்கு இருவர் நகரசபையில் அமர்ந்தனர். கடைவீதிகளும், சூதாட்ட விடுதிகளும், விலைமாதர் இல்லங்களும் நிறைந்த முதலாம் வார்டுக்கு மைக்கேல் கென்னா, ஜான் காக்லின் என்னும் இருவர் அதிபதிகளாய் விளங்கினர். முன்னவர் மதுக்கடைக்காரர், பின்னவர் குளிப்பறையிலே பிறர் உடலைத் தேய்த்து வாழ்க்கையைத் தொடங்கியவர். ஆண்டுதோறும் இவர்கள் நடத்திய நடனவிழாவுக்கு விடுதிக்காரரும் சூதாடிகளும் சீட்டு வாங்கியே தீரவேண்டும். வாங்கினோரைப் போலீசார் கண்டுகொள்ளார். இவ்விருவரையும் கயவரென்று ஒதுக்குதல் எளிது. எனினும் மொழியறியாது வந்திறங்கிய ஏழைக்கு வேலை தேடித் தந்தவரும், சிறைப்பட்டவனுக்குப் பிணை நின்றவரும் இத்தகைய வார்டுத் தலைவர்களே. அவ்வேழை கைம்மாறாகத் தரக்கூடியது அவனது வாக்கு ஒன்றுதான்.

ஆக, போக்கிரி கப்பங்கட்டினான்; அரசியல்வாதி காவல் அளித்தான். எசமானன் யார், ஏவலாள் யார் என்பதில் ஐயமில்லை. 1920-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நாடெங்கும் அமலுக்கு வந்த மதுவிலக்கு இம்முறையைத் தலைகீழாக்கிற்று. குடிப்போர் குறையவில்லை, விற்போர்தாம் மாறினர். கள்ளப் பீர் விற்ற கூட்டத்தாரிடம், வார்டுத் தலைவர் கனவிலுங் காணாத பெருஞ்செல்வம் குவிந்தது. காவலை யாசித்து நின்றவர் அதனை விலைக்கு வாங்கினர். பின்னர் விற்பவரையே வாங்கினர்.

இம்மாறுதல் முதலில் வெட்டவெளிச்சமானது சிகாகோவையடுத்த சிசெரோ என்னும் சிற்றூரில். 1924 ஏப்ரல் முதல் நாள் அங்கு நடந்த தேர்தலில், ஜான் டொரியோவும் அல் கபோனும் தலைமை வகித்த கூட்டத்தார் துப்பாக்கியேந்தி வாக்குச் சாவடிகளிலே நின்றனர். நீதிபதியொருவரின் ஏற்பாட்டால் சிகாகோவிலிருந்து போலீசார் விரைந்தனர். கபோனின் தமையன் பிராங்க் சுடப்பட்டு மாண்டான். ஆயினும் கூட்டத்தார் ஆதரித்த கட்சியே வென்றது.

1927-இல் வில்லியம் ஹேல் டாம்சன் மீண்டும் மேயரானார். மூடிய மதுக்கடைகளைத் திறப்பேனென்றும், இங்கிலாந்து மன்னர் வந்தால் மூக்கிலே குத்துவேனென்றும் முழங்கியவர் இவர்! இவருக்குக் கபோன் பெரும்பொருள் உதவினான் என்பது அந்நாளைய பேச்சு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கட்சி வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் தேர்தல் வந்தபோது, எதிர்த்தரப்பைச் சேர்ந்த செனட்டர் டெனீன், நீதிபதி சுவான்சன் ஆகியோர் வீடுகளில் வெடிகுண்டுகள் வெடித்தன. அன்னாசிப்பழம் என்று அக்குண்டுகளைப் பரிகாசமாக வழங்கினர். நீக்ரோ வழக்கறிஞராகிய ஆக்டேவியஸ் கிரானடி, வார்டுக் கட்சிப் பதவியொன்றுக்கு, செல்வாக்கு மிக்க வெள்ளையர் ஒருவரை எதிர்த்து நின்றார். தேர்தலன்றே அவரது மோட்டார் வண்டியைத் துரத்திச் சென்று சுட்டுக் கொன்றனர். இக்கொலைக்காக ஒருவரும் தண்டனையடையவில்லை.

குண்டுகள் கருதிய பயனைத் தரவில்லை. மக்கள் திரண்டு வந்து வாக்களித்தனர்; டாம்சனின் துணைவரான அரசாங்க வழக்கறிஞர் கிரோவைத் தோற்கடித்துச் சுவான்சன் வென்றார். 1929 பிப்ரவரி 14-ஆம் நாள் ஒரு மோட்டார்க் கொட்டகையிலே எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டபின் நாடே சிகாகோவை நோக்கியது. 1931-இல் டாம்சன் தோற்றார். அவ்வாண்டிலேயே கபோனுக்குப் பதினோராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கொலைக்காகவன்று, வருமானவரி கட்டாமைக்காக.

டாம்சன்மீது அத்தகைய வழக்கு எதுவும் வரவில்லை. 1944-இல் அவர் இறந்தபின் அவரது பாதுகாப்புப் பெட்டகங்களைத் திறந்தனர். உள்ளே ரொக்கமாகவே 15 இலட்சம் டாலருக்கு மேல் இருந்தது.