சால்வை வேண்டாம், மேடை போதும்!

வயசான எழுத்தாளரைக் கௌரவிக்க நமக்குத் தெரிந்த வழி ரொம்பச் சுலபம். ஒரு சால்வை, ஒரு மாலை, மைக்கைப் பிடித்தால் விடாத நாலு பேர். விழா நாயகர் ஏற்புரைக்கு எழுந்திருக்கும்போது எதிரே பாதி நாற்காலி காலி!

நியூயார்க்கில் ஒரு நாடகக் கம்பெனி வேறு வழி கண்டுபிடித்தது. பெயர் சிக்னேச்சர் தியேட்டர். ஜேம்ஸ் ஹௌட்டன் என்ற நடிகர் 1991-ல் ஆரம்பித்தார். திட்டம் இதுதான்: ஒரு சீஸன் முழுக்க ஒரே எழுத்தாளரின் நாடகங்கள். அவரும் கூடவே இருந்து வேலை பார்ப்பார்.

1994-95 சீஸன், ஹார்ட்டன் ஃபூட் என்ற பெரியவருக்கு. அப்போது அவருக்கு வயசு 78.

யார் இந்த ஃபூட்? டெக்ஸாஸில் வார்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். அப்பா அங்கே துணிக்கடைக்காரர். பையனுக்கு நடிகனாகும் ஆசை. மீசை அரும்பும் வயசிலேயே கலிஃபோர்னியாவுக்கு ரயிலேறாத குறையாகக் கிளம்பிவிட்டார். அப்புறம் நியூயார்க். அங்கே இவர் ஒரு காட்சியை நடித்துக் காட்டியதைப் பார்த்த நடனக் கலைஞர் ஆக்னஸ் டி மில், 'நீ ஏன் எழுதக்கூடாது?' என்று கேட்டார். எழுத உட்கார்ந்தால், பேனா நேரே ஊருக்குத்தான் ஓடியது. வார்ட்டனுக்கு 'ஹாரிசன்' என்று வேறு பெயர் வைத்து, அந்த ஊர் சங்கதிகளையே கடைசிவரை எழுதினார். பருத்தி விலை, பங்காளிச் சண்டை, விற்றுப்போன வீடு, குடித்தே கெட்ட மாமா... துப்பாக்கியும் கிடையாது, துரத்தலும் கிடையாது!

சினிமாவில் இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962) படத்தின் திரைக்கதைக்கு ஒன்று, 'டெண்டர் மெர்ஸீஸ்' (1983) படத்துக்கு ஒன்று. ஆனால், பிராட்வேயில் ஜிகினா காட்டுகிறவர்களுக்குத்தான் மவுசு. அடக்கி வாசிக்கிற ஆசாமிக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

சிக்னேச்சர் அந்த சீஸனில் அவருடைய நாலு நாடகங்களைப் போட்டது. அதில் ஒன்று 'தி யங் மேன் ஃப்ரம் அட்லாண்டா'.

கதை நடப்பது 1950-ல், ஹூஸ்டன் நகரத்தில். வில் கிட்டர், ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் ஏறக்குறைய நாற்பது வருஷம் உழைத்தவர். அறுபதைத் தாண்டியவர். சேமிப்பையெல்லாம் கொட்டிப் புது வீடு கட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இளைய முதலாளி கூப்பிட்டு, 'காலம் மாறிடுச்சு, இளரத்தம் வேணும்' என்கிற தினுசில் பேசி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அந்த நாற்காலிக்கு வருகிறவன், இவரிடமே தொழில் பழகியவன்! ஒரே மகன் தண்ணீரில் மூழ்கிச் செத்துப் போயிருக்கிறான். விபத்தா, அவனாகவே போனானா? பதில் தெரிந்திருக்கக்கூடிய அட்லாண்டாக்காரன், மேடைக்கு வருவதே இல்லை. அப்பாவும் அம்மாவும் அந்தக் கேள்வியோடேயே வாழப் பழகுகிறார்கள்.

'உனக்கு வயசாச்சு, கிளம்பு' என்று தள்ளப்பட்டவரின் கதையை எழுதியவருக்கு, ஒரு சின்னக் கம்பெனி 'வாங்க, உட்காருங்க' என்று மேடை போட்டுக் கொடுத்தது. பலன்? 1995-ல் அந்த நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு! வாங்கும்போது ஃபூட்டுக்கு 79.

அதோடு பெரியவர் ஓய்ந்துவிடவில்லை. தன் அப்பாவின் வாழ்க்கையை வைத்து எழுதிய ஒன்பது நாடகங்களைச் சுருக்கி, மூன்று பாகமாக்கும் வேலையில் இறங்கினார். 2009 மார்ச் 4-ல் இறந்தபோது வயசு 92, கையில் அந்த வேலை. ஹார்ட்ஃபோர்ட் ஸ்டேஜ் என்ற குழுவும் சிக்னேச்சரும் சேர்ந்து 2009-10-ல் அந்த மூன்றையும் மேடையேற்றின. வில் கிட்டரையும் 2019-ல் மறுபடி அழைத்து வந்தது சிக்னேச்சர்.

கௌரவம் என்பது ஒருவரை உட்காரவைத்துப் புகழ்வதில்லை, சார்! அவருக்குத் தெரிந்த வேலையை அவரிடமே மறுபடி கொடுப்பது. அடுத்த தடவை ஆபீஸில் யாராவது ரிட்டயர் ஆகி, சுவர்க்கடிகாரம் வாங்க வசூல் நோட்டு உங்கள் மேஜைக்கு வருகிறதா? பத்து ரூபாய் குறைத்துக்கூடப் போடுங்கள். ஆனால், அவர் பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, 'இந்த வேலையை எப்படி சார் பண்ணுவீங்க?' என்று கேளுங்கள்.

கடிகாரத்துக்கு அவர் வீட்டில் இடமிருக்குமோ என்னவோ, அந்தக் கேள்விக்கு நிச்சயம் இருக்கும்!