நியூட்டன் செய்தது எழுத்துப் பிழையா?

ஒளியைப் பற்றிய தம் ஆய்வுகளை நியூட்டன் 1704ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளியிட்டார். ‘ஆப்டிக்ஸ்’ என்பது அதன் பெயர். முகப்பில் உள்ளபடியே அப்பெயரைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்தால், அதன் கீழே சிவப்புக் கோடு விழக்கூடும். ‘சி’க்கும் ‘எஸ்’ஸுக்கும் நடுவில் ஒரு ‘கே’ இருப்பதே காரணம்.

நியூட்டன் தவறு செய்யவில்லை. அக்காலத்து எழுத்து வழக்கு அது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் ‘மியூசிக்’ என்னும் சொல் ‘கே’யில்தான் முடிகிறது. பின்னாளில் அந்த எழுத்து வழக்கொழிந்தது.

அப்படியானால் கணிப்பொறி ஏன் கோடிடுகிறது? பிழைதிருத்தியின் அடிப்படை ஒரு சொற்பட்டியல். நாம் தட்டும் சொல் அதில் இல்லையென்றால் கோடு விழும். பிறகு, பட்டியலில் அதற்கு நெருக்கமான சொல்லைத் தேடித் தரும். தட்டச்சுப் பிழைகளுள் பெரும்பாலானவை நான்கே வகை என்று 1964இல் டாமராவ் என்ற ஆய்வாளர் காட்டினார்: ஓர் எழுத்து மிகுதல், குறைதல், வேறொன்றாதல், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுதல். நியூட்டனின் ‘கே’ கருவிக்கு ‘மிகுந்த எழுத்தாக’வே தெரிகிறது. விரல் தவறியதையும் மொழி மாறியதையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை.

பழஞ்சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன? அங்கே வேறொரு சிக்கல் எழுகிறது. காயடித்த ஆட்டுக்கடாவைக் குறிக்கும் ‘வெதர்’ என்ற பழஞ்சொல், ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வருகிறது. வானிலையைக் குறிக்கும் ‘வெதரில்’ ஓர் ‘ஏ’யை விட்டுவிட்டாலும் இதே சொல்தான் கிடைக்கும். ஆட்டுக்கடாவைப் பட்டியலில் சேர்த்தால் மாணவரின் பிழை தப்பிவிடும். சேர்க்காவிட்டால் ஷேக்ஸ்பியர் பிழை செய்தவராவார். சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கினால் அரிசியோடு கல்லும் இறங்குமல்லவா? பட்டியல் நீள நீளக் கண்ணில் படாத பிழைகளும் பெருகும் என்று 1986இல் பீட்டர்சன் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அண்டைச் சொற்களைப் பார்த்து முடிவு செய்யும் கருவிகள் இன்று உண்டு. எனினும் அவையும் பெரும்பாலும் இக்கால வழக்கையே அளவுகோலாகக் கொள்கின்றன. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வார்ட்’ என்ற மென்பொருள் வேறு வழியைக் கையாள்கிறது. பழைய வடிவத்துக்கு இணையான இன்றைய வடிவத்தைத் தரும்போதே, மூல வடிவத்தையும் அழிக்காமல் குறித்து வைக்கிறது.

இது சிறு செய்தியன்று. பழைய நூலொன்றைப் படியெடுப்பவர் கருவி சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டால், அக்காலத்தார் எவ்வாறு எழுதினர் என்பதற்கான சான்றே மறைந்துவிடும். சிவப்புக் கோட்டின் பொருள் ‘இச்சொல் என் பட்டியலில் இல்லை’ என்பது மட்டுமே. ஆகவே, திருத்தும் முன் நூல் வெளிவந்த ஆண்டை ஒருமுறை பாருங்கள்.