பழனி மலையில் ஒரு பௌத்தக் கிளை

பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் சாலையிலுள்ள பெருமாள்மலையில் 1996-இல் 'போதி ஜென்டோ' தியான நிலையம் தொடங்கப்பட்டது. நிறுவியவர் ஆமா சாமி, ஓர் இயேசு சபைக் குரு. ஜப்பானில் ஜென் என்னும் பௌத்த நெறியைப் பயின்றவர்.

பௌத்தத்தின் தோற்றம்
சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் சாக்கியர் குலத்துச் சித்தார்த்தர் கயையருகே அரசமரத்தடியில் ஞானம் பெற்றுப் புத்தரானார். முதல் உரையைச் சாரநாத்தில் நிகழ்த்தினார்.

கொள்கை
துக்கம் உண்டு; அதற்குக் காரணம் வேட்கை; வேட்கை அற்றால் துக்கம் அறும்; அதற்கு வழி எட்டு உறுப்புகள் கொண்ட நன்னெறி. எதுவும் நிலையில்லை, மாறாத 'நான்' என ஒன்றும் இல்லை.

கிளைகள்
• தேரவாதம்: இலங்கை, மியான்மர், தாய்லாந்து. பாலி நூல்களைப் போற்றுவது.
• மகாயானம்: சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம். எல்லா உயிரும் கடைத்தேற உழைக்கும் போதிசத்துவரே இலட்சியம். ஜென் இதன் கிளை.
• வஜ்ரயானம்: திபெத், பூட்டான், மங்கோலியா. மந்திரமும் மண்டலமும் சடங்கும் மிகுந்தது.

தமிழ்த் தொடர்பு
மணிமேகலை தமிழின் பௌத்தக் காப்பியம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்தான். சீனாவில் ஜென்னுக்கு வித்திட்ட போதிதருமர் காஞ்சி இளவரசர் என்பது மரபுவழிச் செய்தி. அந்த மரபின்படி, கடல் கடந்து போன நெறி ஜப்பான் சுற்றி இம்மலைக்குத் திரும்பியிருக்கிறது.

சற்றே அமருங்கள். மூச்சைக் கவனியுங்கள். ஜென் பயிற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.