ஐம்பதிலும் வளையும்! குற்றாலச் சாரலில் தொழில் மாறியவர்களைத் தெரியுமா?

சீசனுக்குக் குற்றாலம் போகிறோம். மெயினருவியில் தலையைக் கொடுக்கிறோம், ஐந்தருவிக்கு ஓடுகிறோம், மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறோம். பாதி ஆயுள் ஒரு தொழில், மீதி ஆயுள் வேறொரு தொழில் என்று வாழ்ந்தவர்களும் அதே சாரலில் நனைந்திருக்கிறார்கள், தெரியுமா?

முதலில் ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1836-இல், நாற்பது வயதில், வருவாய்த் துறைக்கு மாறினார். அங்கே என்ன வேலை தெரியுமா? பருத்தியையும் புகையிலையையும் ஆராய்வது! குற்றால மலையிலும் செடி செடியாகத் தேடித் திரட்டினார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்! அந்தக் காலத்து மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடியிலிருந்து வந்தவை. அதனால் வைத்தியம் படித்தவர் தாவரவியலும் படித்தாக வேண்டியிருந்தது. பழைய படிப்பே புதிய தொழிலுக்கு விதை! ஓய்வுபெற்று இங்கிலாந்து போன பிறகும் சும்மா இருந்தாரா? பண்ணை வைத்தார்!

அடுத்து, கவிதை ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. ஒரு வழக்கறிஞர் என்பது தெரியுமா? சட்டம் படித்தவர், சென்னை சட்டமன்ற மேலவையில் இருந்தவர், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையர். கோப்பும் கணக்கும் கோயில் வழக்கும்தான் அன்றாடம். ஆனால் அதற்கு முன்பே, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு வட்டவடிவ முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசுவார்கள். 'வட்டத்தொட்டி' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது! பதவி முடிந்ததும், ஐம்பதைத் தாண்டிய மனிதர், குற்றாலத்தில் வந்து உட்கார்ந்தார். வேலை? கவிதையை ரசிப்பது; ரசித்ததை அடுத்தவருக்கு ஊட்டுவது! ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். கம்பராமாயணத்தில் எது கம்பன் வாக்கு, எது பின்னால் வந்த இடைச்செருகல் என்று பாட்டு பாட்டாக நிறுத்தி விசாரித்து, 'கம்பர் தரும் ராமாயணம்' தந்தார். அவர் தள்ளிய பாடல்களுக்காகப் புலவர்கள் சண்டைக்கே வந்தார்கள். எனக்கோ அந்த விசாரணையில் பழைய வக்கீல்தான் தெரிகிறார்: சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல்! 1954-இல் மறையும் வரை குற்றாலமே அவருக்கு ஊர்.

அந்த டி.கே.சி.யைத் தேடிக் குற்றாலம் வந்தவர்களில் இடைசெவல் கிராமத்து விவசாயி ஒருவரும் உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கரிசல் காட்டில் உழுதுகொண்டிருந்த அவருடைய 'மாயமான்' கதை 1958-இல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது வயது முப்பத்தைந்தை ஒட்டி. ஆம், கி.ராஜநாராயணன்! அதைவிடப் பெரிய ஆச்சரியம் கேளுங்கள்: மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதையும் தாண்டி, அறுபத்தைந்துக்குப் பிறகு, புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்! நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் பணி. களத்துமேட்டில் கேட்ட பேச்சுதான் அவருடைய பட்டம். 1991-இல் சாகித்ய அகாடமி விருதும் வந்தது.

இன்றைக்கு வருவோமா? தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் குடியேறிய ஸ்ரீதர் வேம்பு, 1994-இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். 1996-இல் மென்பொருள் நிறுவனம் தொடங்கியவர். பிறகு அதுதான் ஜோஹோ ஆனது. 2025 ஜனவரியில், ஐம்பத்தாறு வயதில், தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியை விட்டு இறங்கித் தலைமை விஞ்ஞானி ஆனார். திரும்பவும் ஆராய்ச்சி!

சொத்தும் பேரும் இருப்பவர் மாறலாம், மாதச் சம்பளத்தில் குடும்பம் ஓட்டுபவர் எப்படி மாறுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாற்பத்தைந்தில் புதுத் தொழில் பழக ஆசைப்படுபவருக்குத் துணிச்சல் மட்டும் போதாது. கற்றுக்கொள்ளும் மாதங்களில் வீட்டில் அடுப்பெரிய வேண்டும், கற்றுக்கொடுக்க ஓர் இடம் வேண்டும். பிள்ளை வளர்ப்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ வேலையை இடையில் விட்ட பெண்களுக்கென்றே அதே ஜோஹோ ஒரு பயிற்சி நடத்துகிறது. அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'மறுபடி'!