கெமிஞ்சே பாலத்து நினைவுச் சின்னம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தம்பினிலிருந்து கிம்மாஸ் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, ஓர் ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் அமைந்துள்ளது. அவ்வழியே பேருந்தில் செல்வோருள் பலர் அதனைக் கண்டிருப்பர். அது யாருக்காக எழுப்பப்பட்டது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று. அவர்கள் அடுத்து ஜொகூரை நோக்கி விரைந்தனர். அவ்விரைவுக்குத் துணைநின்றவற்றுள் மிதிவண்டியும் ஒன்று. மலாயாவின் சாலைகள் நல்ல நிலையில் இருந்தமையால், போர்வீரர்கள் மிதிவண்டிகளில் அணியணியாகச் செல்ல முடிந்தது. பொதுமக்களிடமிருந்தும் பல வண்டிகள் பறிக்கப்பட்டன.

இப்படையைத் தடுக்கும் பொறுப்பு ஆஸ்திரேலியாவின் 2/30ஆவது பட்டாளத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் காலகன். பட்டாளத்தின் பெரும்பகுதி கிம்மாஸுக்கு அருகில் நிலைகொள்ள, கேப்டன் டஃபி தலைமையில் ஒரு பிரிவு மட்டும் முன்சென்று, பாலத்தருகே சாலையோரக் காட்டில் பதுங்கியிருந்தது. மரப்பாலத்தின் அடியில் வெடிமருந்து வைக்கப்பட்டது.

1942 ஜனவரி 14ஆம் நாள் மாலை ஏறத்தாழ நான்கு மணி. ஜப்பானிய மிதிவண்டிப் படையினர் நூற்றுக்கணக்கில் பாலத்தைக் கடந்தனர். முன்னே சென்றவர்களைப் போகவிட்டு, பெருங்கூட்டம் வந்தடைந்ததும் பாலம் தகர்க்கப்பட்டது. காட்டிலிருந்து துப்பாக்கிக் குண்டுகளும் கைக்குண்டுகளும் பொழிந்தன. துப்பாக்கிகளை வண்டிகளில் கட்டி வைத்திருந்த ஜப்பானியரால் உடனே எதிர்த்துப் போரிட இயலவில்லை. பெருஞ்சேதம் விளைந்தது.

எனினும் திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. பின்னாலிருந்த பீரங்கிப் படைக்குச் செய்தி அனுப்பும் தொலைபேசிக் கம்பியை ஜப்பானியர் கண்டு அறுத்துவிட்டனர். எனவே பீரங்கிகள் முழங்கவில்லை. பதுங்கியிருந்தோர் காட்டுவழியே பின்வாங்கினர். மறுநாள் கிம்மாஸ் அருகே டாங்கிகளுடன் கடும்போர் மூண்டது. இவ்விரு நாள்களிலும் அப்பட்டாளத்தில் 17 பேர் மாண்டனர். 9 பேர் காணாமற் போயினர். 55 பேர் காயமுற்றனர். தகர்ந்த பாலத்தை ஜப்பானியர் விரைவில் சீர்செய்துகொண்டனர். பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

அத்துடன் இவ்வரலாறு முடியவில்லை. உயிர் தப்பிய வீரர்கள் போர்க் கைதிகளாயினர். அவர்களுள் பலர் 1943ஆம் ஆண்டு சயாம்-பர்மா ரயில் பாதை அமைக்க அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அதே பாதைக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்தும் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் மடிந்தோர் மிகப் பலர். திரும்பி வாராத பாட்டன்மாரைப் பற்றிய பேச்சு இன்றும் பல குடும்பங்களில் உண்டு.

இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. போர்வீரனின் பெயர் பட்டாளப் பதிவேட்டில் இருந்தது. ஆகவே அவன் மாண்டபின் அது கல்லில் ஏறிற்று. ரயில் பாதையில் மாண்ட காஞ்சனாபுரிக் கைதிகளுக்கும் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அங்கு மாண்ட தோட்டத் தொழிலாளருள் மிகப் பலருக்கோ அத்தகைய பதிவும் இல்லை, கல்லும் இல்லை. அவர்கள் பெயர்கள் உறவினரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அந்நினைவும் தலைமுறைக்குத் தலைமுறை மங்கி வருகின்றது.

ஆகவே, வாசகர்களே, கெமிஞ்சே வழியே செல்லுங்கால் பிள்ளைகளுக்கு அச்சின்னத்தைக் காட்டி, அதன் வரலாற்றை எடுத்துரையுங்கள். அங்குச் சிறிது நேரம் அமைதியாக நின்று மரியாதை செலுத்துங்கள். வீடு திரும்பியதும் குடும்பத்து மூத்தோரிடம், சயாமுக்குச் சென்றவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், உடன் சென்றோர் யாவர், திரும்பி வந்தாரா என்று கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுத்தறிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். கல்லில் பொறிக்கப்படாத பெயர், ஏட்டிலாவது நிலைக்கட்டும்.